ஆந்த்ரே லெபெவ்ர்

ஆந்த்ரே லெபெவ்ர் (ஆகஸ்ட் 19, 1894 – மே 4, 1964) பிரான்சு நாட்டைச் சேர்ந்த தானுந்துப் பொறியாளர் ஆவார். சிட்ரோயன் நிறுவனத்தின் திராக்சியோன் அவான், 2சிவி, டிஎஸ் ஆகிய மகிழுந்துகளின் தொழில்நுட்ப வடிவமைப்பில் தலைமைப் பங்காற்றியவர். வானூர்திப் பொறியியல் பயின்ற இவர், எடையைக் கணக்கிடும் வானூர்தித் துறையின் முறையைக் குடும்பப் பயன்பாட்டுக்கான பெரிய மகிழுந்துகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவராக அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

லெபெவ்ர் பாரிசு நகருக்கு வடக்கேயுள்ள லூவ்ர் என்னும் சிற்றூரில் பிறந்தார். பாரிசிலுள்ள வானூர்திப் பொறியியல் உயர்கல்விக் கழகத்தில் பயின்றார். முதல் உலகப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1916 ஆம் ஆண்டில், வானூர்தி முன்னோடியான கபிரியேல் வுவாசானின் நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். போருக்குப் பின் வுவாசான் மகிழுந்துத் தயாரிப்பில் இறங்கியபோது லெபெவ்ரும் அத்துறைக்கு மாறினார்.

பந்தய வண்டி

1923 ஆம் ஆண்டு தூர் நகரில் நடைபெற்ற பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்துக்காக வுவாசான் நிறுவனம் உருவாக்கிய வண்டியில் லெபெவ்ரின் பங்கு முக்கியமானது. இயந்திரத்தின் ஆற்றலில் இவ்வண்டி போட்டியாளர்களை விடப் பின்தங்கியிருந்தது. அக்குறையை இலேசான உடற்கூட்டாலும் காற்றெதிர்ப்பைக் குறைக்கும் வடிவத்தாலும் ஈடுசெய்ய முயன்றனர். மரச் சட்டத்தின் மீது அலுமினியத் தகடு போர்த்திய அதன் கூடு வானூர்தியின் உடலை ஒத்திருந்தது. பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலம் முன்சக்கரங்களுடையதை விடக் குறைவாக இருந்தது. லெபெவ்ரே ஓட்டிய வண்டி ஐந்தாம் இடத்தைப் பெற்றது. பந்தயத்தை முடித்த ஒரே வுவாசான் வண்டியும் அதுவேயாகும்.

1931 இல் வுவாசானை விட்டு விலகி ரெனோ நிறுவனத்தில் சேர்ந்தார். முன்சக்கர இயக்கம் பற்றிய இவரது கருத்துகள் அங்கு ஏற்கப்படவில்லை.

திராக்சியோன் அவான்

1933 மார்ச்சில் லெபெவ்ர் சிட்ரோயன் நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்து மகிழுந்துகள் பெரும்பாலும் கனத்த எஃகு அடிச்சட்டத்தின் மீது தனியே செய்த உடற்கூட்டைப் பொருத்தி உருவாக்கப்பட்டவை. சுமை முழுவதையும் சட்டமே தாங்கியது. மேலிருந்த கூடு பெரும்பாலும் வெறும் எடையாகவே இருந்தது. திராக்சியோன் அவானில் தனிச் சட்டம் நீக்கப்பட்டு, பற்றவைத்த எஃகுக் கூடே சுமை தாங்கும் உறுப்பாக்கப்பட்டது. இதற்கான தொழில்நுட்பம் அமெரிக்காவின் பட் நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டது. வண்டி ஒன்றுக்குச் சுமார் 70 கிலோகிராம் எஃகு மிச்சமானது. இயந்திரத்தின் ஆற்றல் முன்சக்கரங்களுக்கே சென்றதால் பின்சக்கரங்களுக்குச் செல்லும் நீண்ட தண்டு தேவைப்படவில்லை, தரைப்பகுதியும் தாழ்ந்தது. உடலின் தோற்றத்தை இத்தாலியச் சிற்பியான பிளமினியோ பெர்த்தோனி வடிவமைத்தார்.

இவ்வண்டி 1934 இல் வெளிவந்தது. மிகக் குறுகிய காலத்தில் உருவானதால் முதல் வண்டிகளில் கூட்டின் விறைப்பு போதவில்லை. பின்னர் அது வலுப்படுத்தப்பட்டது. புதிய வண்டிக்கும் தொழிற்சாலைக்கும் செய்த பெருஞ்செலவால் அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் நொடித்துப்போய், மிச்சலின் நிறுவனத்தின் கைக்கு மாறியது. நிறுவனர் ஆந்த்ரே சிட்ரோயன் 1935 சூலையில் காலமானார். எனினும் திராக்சியோன் அவான் 1957 வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் சுமார் 7,60,000 வண்டிகள் விற்பனையாயின.

2சிவி

மிச்சலின் சார்பில் பொறுப்பேற்ற பியேர் புலாஞ்சே, உழவர்களுக்கான மலிவான வண்டி ஒன்றை உருவாக்கப் பணித்தார். இரண்டு பேரையும் 50 கிலோகிராம் சுமையையும் ஏற்றிக்கொண்டு அது மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் எடைபோட்டு, அதன் பயன் குன்றாமல் இலேசாக்குவதற்கென்றே புலாஞ்சே ஒரு தனிப் பிரிவை அமைத்தார். அன்றைய பிரெஞ்சுச் சட்டம் ஒரு முகப்பு விளக்கையே கட்டாயமாக்கியிருந்ததால், 1939 இல் செய்யப்பட்ட முன்மாதிரிகளில் ஒரு விளக்கே இருந்தது. அவற்றில் அலுமினியமும் மக்னீசியமும் மிகுதியாகப் பயன்பட்டன. போருக்குப் பின் அவ்வுலோகங்கள் கட்டுப்படியாகாமற்போகவே, 1948 இல் காட்சிக்கு வந்த வண்டி பெரும்பாலும் எஃகினால் ஆனதாக இருந்தது.

டிஎஸ்: மறுவடிவமைப்பு

லெபெவ்ரின் தலையாய பணியாகக் கருதப்படுவது, திராக்சியோன் அவானுக்கு மாற்றாக உருவான டிஎஸ் மகிழுந்தாகும். 1950 இல் புலாஞ்சே வண்டி விபத்தில் இறந்த பின்னரும் இத்திட்டம் தொடர்ந்தது.

திராக்சியோன் அவானில் கூடு முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொண்டது. டிஎஸ் வண்டியிலோ சுமை தாங்கும் வேலை தடித்த பக்க விட்டங்களைக் கொண்ட ஓர் எலும்புக்கூட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. வெளித் தகடுகள் அதன் மீது மரையாணிகளால் பொருத்தப்பட்டன. அவை சுமை தாங்க வேண்டியிராததால், ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பொருளைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க முடிந்தது. கூரை கண்ணாடியிழையாலும், இயந்திர மூடி அலுமினியத்தாலும் செய்யப்பட்டன. கூரையில் குறைந்த எடை மொத்த எடையைக் குறைத்ததோடு, வண்டியின் ஈர்ப்பு மையத்தையும் தாழ்த்தியது. இதனால் வளைவுகளில் திரும்பும்போது வண்டி சாய்வது குறைந்தது.

முன்பக்கத் தட்டு நிறுத்திகள் சக்கரங்களிலிருந்து அகற்றப்பட்டு உட்புறமாகப் பொருத்தப்பட்டன. மேடுபள்ளங்களில் சக்கரத்துடன் சேர்ந்து துள்ளும் எடை இதனால் குறைந்தது. பின்சக்கரங்களின் அகலத்தை முன்பக்கத்தினும் குறைக்கும் முறை, 1923 ஆம் ஆண்டுப் பந்தய வண்டியிலிருந்து இங்கு மீண்டும் வந்தது.

வண்டி இலேசாக ஆக, ஏறும் பயணிகளின் எடை அதன் உயரத்தை மாற்றும் அளவு கூடுகிறது. போல் மாஜெஸ் உருவாக்கிய நீர்மமும் வளிமமும் சேர்ந்த தாங்கமைப்பு, சுமை எவ்வளவாயினும் வண்டியை ஒரே உயரத்தில் நிறுத்தி இச்சிக்கலைத் தீர்த்தது.

எல்லாம் திட்டமிட்டபடி நடைபெறவில்லை. இவ்வண்டிக்கென முயன்ற ஆறு உருளை இயந்திரம் கைவிடப்பட்டது. திராக்சியோன் அவானின் பழைய நான்கு உருளை இயந்திரமே அலுமினியத் தலைப்பகுதியுடன் மேம்படுத்தப்பட்டுப் பொருத்தப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் நீர்ம அமைப்பிலும் பழுதுகள் ஏற்பட்டன. ஆயினும் 1955 அக்டோபர் 5 அன்று பாரிசுக் கண்காட்சியில் அறிமுகமான முதல் நாளிலேயே சுமார் 12,000 முன்பதிவுகள் கிடைத்தன. 1975 வரை 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரிக்கப்பட்டன.

இறுதிக் காலம்

1956 இல் லெபெவ்ர் நீர்த்துளி வடிவில் உருவாக்கிய சி-10 என்னும் முன்மாதிரியின் எடை 382 கிலோகிராம் மட்டுமே. அது தயாரிப்புக்குச் செல்லவில்லை. பக்கவாதத்தால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்த நிலையில், 1950களின் இறுதியில் பணியிலிருந்து விலகினார். 1964 இல் தமது 69 ஆம் அகவையில் காலமானார்.

தாக்கம்

தனி அடிச்சட்டமற்ற கூடும் முன்சக்கர இயக்கமும் பிற்காலத்தில் சிறிய, நடுத்தர மகிழுந்துகளின் பொது வழக்காயின. 1983 இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி 800 வண்டியும் இவ்விரண்டையும் கொண்டிருந்தது. தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் 2021 முதல் சிட்ரோயன் வண்டிகள் பொருத்தப்பட்டு வருகின்றன.