கல்விக் கண் திறந்த கர்னல் ஆல்காட்

கொழும்பு மாநகரிலே, கோட்டை இரயில் நிலையத்தின் முன்பாக, நீண்ட தாடியுடைய மேனாட்டார் ஒருவரின் சிலை நிற்கின்றது. ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாளில் இலங்கைப் பௌத்தர்கள் அவரை நினைவு கூர்கின்றனர். அவர் பிறப்பால் பௌத்தர் அல்லர். ஆசியக் கண்டத்தினரும் அல்லர். ஆயினும் அவருடைய பெயரை நன்றியுடன் உச்சரிக்கும் கடமை இலங்கையருக்கு மட்டுமன்றித் தமிழ்ப் பௌத்தராகிய நமக்கும் உண்டு. அவரே கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் பெருந்தகையார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜெர்சி மாகாணத்தைச் சேர்ந்த ஆரஞ்சு என்னும் ஊரில் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஆல்காட் பிறந்தார். கிறிஸ்தவ மதப்பற்று மிக்க குடும்பம் அது. தந்தையாரின் வாணிகம் நொடித்துப் போனமையால் கல்லூரிப் படிப்பை இடையிலே நிறுத்திவிட்டு, ஒஹையோ மாகாணத்திற்குச் சென்று உழவுத் தொழிலில் இறங்கினார். கல்வி பாதியில் நின்று போவதன் துயரத்தை அவர் தம் அனுபவத்திலேயே கண்டவர். பின்னர் விஞ்ஞான முறை வேளாண்மையைக் கற்று, உழவர்க்கான மாதிரிப் பண்ணைப் பள்ளி ஒன்றை நடத்தினார். சர்க்கரை தரும் சோள வகைகளைப் பற்றி 1857இல் அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. நிலத்தை உழுபவனுக்கும் கல்வி வேண்டும், அக்கல்வி அவன் தொழிலுக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் அவ்விளம் பருவத்திலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது எனலாம்.

அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் படையிற் சேர்ந்தார். படைகளுக்குப் பொருள் வழங்குவோர் செய்த மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கேடுகளை வரி வரியாக ஆராய்ந்து, எவருடைய மிரட்டலுக்கும் அஞ்சாது குற்றவாளிகளை வெளிக்கொணர்ந்தார். கர்னல் என்னும் பட்டம் அவருக்கு வாய்த்ததும் அக்காலத்திலேயே. அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1865இல் கொலையுண்டபோது அக்கொலையை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். பொதுப் பணத்தில் ஒரு காசும் வீணாகலாகாது என்ற அவ்வொழுக்கம் பிற்காலத்தில் பள்ளிகளை நிறுவியபோது அவருக்குப் பெருந்துணையாயிற்று.

நியூயார்க்கில் வழக்கறிஞராக விளங்கிய அவர், 1875இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடனும் வேறு சிலருடனும் சேர்ந்து பிரம்மஞான சபையை நிறுவினார். இலங்கையில் 1873இல் நடந்த பாணந்துறை விவாதத்திலே மொஹொட்டிவத்தே குணானந்த தேரர் பௌத்தத்தின் சார்பாக நின்று பாதிரிமாருடன் வாதிட்ட செய்தி கடல் கடந்து ஆல்காட்டையும் எட்டியது. அத்தேரருடன் அவர் கடிதத் தொடர்பு கொண்டார். 1879இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்து, மறு ஆண்டு இலங்கைக்குச் சென்றார். 1880ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் காலி நகர விகாரையிலே, மக்கள் திரள் காண, ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றனர். ஆளும் இனத்தவரையொத்த நிறமுடைய ஒருவர் புத்த பகவானின் திருவடியில் பணிந்ததைக் கண்ட மக்களின் உள்ளத்தில் தன்மதிப்பு மீண்டும் தளிர்த்தது.

ஆல்காட் அவ்வளவில் நின்றுவிடவில்லை. பௌத்தர்கள் நிறைந்த அந்நாட்டிலே அரசாங்க உதவி பெற்ற பௌத்தப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாய் இருந்தன. மிஷன் பள்ளிகளோ நூற்றுக்கணக்கில் இருந்தன. எழுத்தறிய வேண்டுமாயின் பௌத்தக் குழந்தை தன் முன்னோரின் நெறியை இழிவாகப் பேசும் வகுப்பறையில் அமர வேண்டும். இந்நிலை நீடித்தால் விகாரைகள் நிற்கும், அவற்றில் வணங்குவோர் இரார் என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே 1881இல் கல்வி நிதி திரட்டக் கிராமம் கிராமமாகப் புறப்பட்டார். தாமே திட்டமிட்டு அமைத்த மாட்டுவண்டியே அவருக்கு வீடாயிற்று. பகலில் அதில் அமர்ந்து எழுதவும் உண்ணவும், இரவில் படுத்துறங்கவும் வசதி செய்துகொண்டார். திரண்ட நிதியைத் தம் கையில் வைத்துக்கொள்ளாமல் உள்ளூர்ப் பௌத்தப் பெரியோரான தருமகர்த்தாக்களின் பொறுப்பில் விட்டார்.

பள்ளி இருந்தாற் போதுமா? பாடநூல் வேண்டுமன்றோ? குழந்தைகளுக்கும் விளங்குமாறு வினாவிடையாகப் பௌத்த நெறியைத் தொகுத்து, ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல மகா தேரரின் ஒப்புதலுடன் 1881ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார். அச்சிறு நூல் பின்னர்ப் பற்பல பதிப்புகளையும் பன்மொழிப் பெயர்ப்புகளையும் கண்டது. கொழும்புப் புறக்கோட்டையில் 1886இல் முப்பத்தேழு மாணவருடன் தொடங்கிய சிறு பள்ளியே இன்று ஆனந்தா கல்லூரி என்னும் பெரு நிலையமாய் விளங்குகிறது. கண்டியில் தர்மராஜா கல்லூரியும் காலியில் மகிந்தா கல்லூரியும் அவ்வியக்கத்தின் விளைவுகளே. வைசாகப் பௌர்ணமி 1885இல் இலங்கையில் அரசு விடுமுறை நாளாயிற்று. அதற்காக லண்டன் வரை சென்று வழக்காடியவரும் ஆல்காட்டே.

இனி நம் தமிழகத்திற்கு வருவோம். சென்னை அடையாற்றில் 1882இல் பிரம்மஞான சபையின் தலைமையகம் அமைந்தது. அதன் மதிலுக்கு அப்பால் ஊரூர் முதலிய இடங்களில் சேரிகள் இருந்தன. பஞ்சமர் என்று அந்நாளைய அரசாங்க ஏடுகள் குறித்த நம் முன்னோரின் குழந்தைகள் பொதுப் பள்ளியின் திண்ணையையும் மிதிக்க இயலாதிருந்தனர். அவர்தம் வறுமையைச் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் தம் அறிக்கையில் விரித்துரைத்ததும், சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்ததும் 1890களின் தொடக்கத்தில் நிகழ்ந்தவை. அதே காலத்தில், 1891இல் திராவிட மகாஜன சபையைக் கூட்டிய அயோத்திதாசப் பண்டிதர், தம் மக்களுக்குப் பள்ளிகள் வேண்டுமென்று கோரி நின்றார்.

தம் வாயிலருகே இருந்த இவ்விருளை ஆல்காட் கண்டார். 1894ஆம் ஆண்டு ஊரூரில் இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் கோடம்பாக்கத்தில் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நினைவாகவும், தேனாம்பேட்டையில் தாமோதரர் பெயரிலும், மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரிலும் பள்ளிகள் எழுந்தன. சேரிப் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு வள்ளுவப் பெருந்தகையின் பெயர் சூட்டப்பட்டதை நினைக்க நெஞ்சம் நெகிழ்கிறது.

இப்பள்ளிகளின் போதனா முறையும் கருதத்தக்கது. சேரிக் குழந்தை சில ஆண்டுகளுக்குமேல் பள்ளியில் தங்காது. வயிற்றுப் பாடு அதனை வேலைக்கு இழுத்துவிடும். ஆதலால் கிடைக்கும் சொற்ப காலத்தில் படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுடன் வாழ்க்கைக்கு உதவும் பயிற்சியும் அளித்தாக வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையாரும், பின்னர் கோர்ட்ரைட் அம்மையாரும் பொறுப்பேற்று, விளையாட்டோடும் கைவேலையோடும் இணைந்த குழந்தைக் கல்வி முறையைப் புகுத்தினர். பிரம்பும் மனப்பாடமுமே கல்வி என்றிருந்த காலத்தில், ஏழையினும் ஏழையான பிள்ளைகளுக்கு அந்நாளின் சிறந்த முறையே வழங்கப்பட்டது. ஏழைக்கு இதுவே போதும் என்று மட்டமானதை நீட்டாத அம்மனப்பான்மையே மெய்யான தானம்.

இப்பள்ளிகளின் வழியாகவே மற்றொரு பெருநிகழ்ச்சியும் விளைந்தது. ஆல்காட் பள்ளியொன்றில் தலைமை ஆசிரியராயிருந்த பி. கிருஷ்ணசாமியாரும் அயோத்திதாசப் பண்டிதரும் 1898இல் ஆல்காட்டை அணுகி, தம் முன்னோரின் பௌத்த நெறிக்குத் திரும்பும் விருப்பத்தைத் தெரிவித்தனர். ஆல்காட் அவர்களை இலங்கைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சுமங்கல மகா தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றனர். திரும்பி வந்த பண்டிதர் சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் அதன் கிளைகள் தழைத்தன. தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் தம் சொற்பக் கூலியிலிருந்து கொடுத்த காசே சங்கத்திற்கு உரமாயிற்று.

ஆல்காட் குறையற்றவர் என்று நாம் கூற வரவில்லை. அவருடைய பிரம்மஞானக் கொள்கைகள் யாவும் பௌத்தத்திற்கு உடன்பாடானவை அல்ல. தேரர்களுக்கும் அவருக்கும் கருத்து வேற்றுமை எழுந்ததும் உண்டு. அவருடைய பள்ளிகள் அயல்நாட்டாரின் நன்கொடையைப் பெரிதும் நம்பியிருந்தன. நன்கொடை வற்றினால் பள்ளி என்னாகும் என்ற கேள்வி அன்றே இருந்தது. வெளியிலிருந்து வந்த கை விளக்கை ஏற்றலாம். நாள்தோறும் அதற்கு எண்ணெய் வார்க்கும் கை வீட்டிலேயே இருத்தல் வேண்டும். இதனைப் பண்டிதரும் அவர் தோழரும் உணர்ந்திருந்தனர் என்பதற்குத் தங்கவயல் தொழிலாளர் கொடுத்த காசே சான்று.

கப்பற் பயணத்தில் தவறி வீழ்ந்து காயமுற்ற ஆல்காட், 1907ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தம் எழுபத்து நான்காம் வயதில் அடையாற்றில் காலமானார். அதே ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைத் தொடங்கினார். எழுத்தறிந்த ஏழை ஒரு பைசாவுக்கு வாங்கிப் படிக்கவும், எழுத்தறியாதார் அருகிருந்து கேட்கவும் பிறந்த இதழ் அது. பள்ளி எழுத்தைத் தந்தது. இதழ் அவ்வெழுத்துக்கு வேலை தந்தது.

ஊரூரில் தொடங்கிய அப்பள்ளி, ஆல்காட் நினைவுப் பள்ளி என்னும் பெயருடன் சென்னை பெசன்ட் நகரில் இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி அளித்து வருகிறது. நூற்றாண்டு கடந்தும் அவ்விளக்கு அணையவில்லை.

ஒக்கலிபுரத்தில் வாழும் அன்பர்களே! பஞ்சசீலம் ஏற்பதற்குச் சில நிமிடங்கள் போதும். அதனை நம் மக்களின் மக்களும் காக்க வேண்டுமாயின் அவர்கள் கற்றவர்களாக வேண்டும். பெருங்கட்டடமும் பெருநிதியும் கிடைக்கட்டும் எனக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையும், ஒரு விளக்கும், தெருவிலேயே படித்துத் தேறிய ஓர் இளைஞனும் இருந்தால் மாலை வகுப்பொன்று நடக்கும். வரவு செலவுக் கணக்கை எல்லோரும் காணும்படி எழுதி வைத்தால் உதவி தானே வரும். வேலைக்குப் போகும் பிள்ளை எதனால் படிப்பை விட்டது என்று அதன் வீட்டிற்கே சென்று விசாரித்தால் பாதிப் பிள்ளைகளேனும் மீண்டும் புத்தகத்தைக் கையில் எடுப்பர். தம் கல்வி தடைப்பட்ட ஒருவர், கடல் கடந்து வந்து, பிறர் பிள்ளைகளின் கல்வி தடைப்படாதிருக்க உழைத்தார். நம் பிள்ளைகளுக்காக நாம் தெருக்கோடி வரையிலேனும் நடக்கக் கூடாதா?