பள்ளிவாசல் எழுப்பிய பேரரசர் ஷாஜகான்



கோலாலம்பூருக்குச் சென்று வந்தவர்கள், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் மூன்று குவிமாடங்களோடு நிற்கும் ஜாமிக் பள்ளிவாசலைக் கண்டிருப்பீர்கள். 1909-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பள்ளிவாசலின் அமைப்பு, இந்தியாவை ஆண்ட முகலாயப் பேரரசர்களின் கட்டடக் கலையைத் தழுவியதாகும். அக்கலையை அதன் உச்சிக்கு உயர்த்திய பெருமை பேரரசர் ஷாஜகானையே சாரும். ஆக்ராவில் தாஜ்மகாலையும் தில்லியில் ஜாமா பள்ளிவாசலையும் எழுப்பிய அன்னாரின் வரலாற்றை நாம் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

ஷாஜகான் 1592-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 5-ஆம் நாள் லாகூர் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் குர்ரம் என்பதாகும். தந்தை ஜஹாங்கீர், பாட்டனார் மாமன்னர் அக்பர். தாயார் மார்வார் நாட்டு இராசபுத்திர இளவரசி. அக்பரின் பட்டத்தரசியாகிய ருக்கையா பேகமே குர்ரமைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். 1605-இல் அக்பர் நோயுற்று இறக்கும் தறுவாயில், பதின்மூன்றே வயதான குர்ரம், அரண்மனையில் சூழ்ச்சிகள் நிறைந்திருந்த போதிலும், பாட்டனாரின் படுக்கையை விட்டு அகல மறுத்துவிட்டார்.

கட்டடக் கலையில் அவருக்கிருந்த நாட்டம் இளமையிலேயே வெளிப்பட்டது. 1607-இல் காபூல் நகரில் தமக்கு ஒதுக்கப்பட்ட இருப்பிடத்தை அவர் அழகுற மாற்றியமைத்ததைக் கண்டு தந்தையே வியந்தார். அப்போது குர்ரமுக்கு வயது 15.

1612-ஆம் ஆண்டு அர்ஜுமந்த் பானு பேகத்தை மணந்தார். இவரே பின்னாளில் மும்தாஜ் மகால் எனப் பெயர் பெற்றவர். மேவார், தக்காணம் ஆகிய போர்களில் பெற்ற வெற்றிகளுக்குப் பரிசாக, 1617-இல் தந்தை அவருக்கு ஷாஜகான் என்னும் பட்டத்தைச் சூட்டினார். உலகின் அரசர் என்பது அதன் பொருள்.

ஆயினும், பட்டம் அளித்த தந்தையையே மகன் எதிர்த்த நாளும் வந்தது. அரியணை பிறருக்குப் போய்விடுமோ என்ற ஐயத்தால் 1622-இல் ஷாஜகான் கிளர்ச்சி செய்தார். நான்கு ஆண்டுகள் நாடெங்கும் அலைந்து, இறுதியில் பணிந்தார். 1627-இல் ஜஹாங்கீர் மறைந்தபின், 1628-இல் ஷாஜகான் முடிசூடினார். முடி சூடுமுன் தம் தம்பியாகிய ஷஹ்ரியாரையும் நெருங்கிய உறவினர் சிலரையும் கொல்லுமாறு ஆணையிட்டார். புகழ் மிக்க மனிதரின் வரலாற்றைக் கூறும்போது நிழலை மறைத்து ஒளியை மட்டும் காட்டுதல் முறையன்று என்பதால் இதனையும் கூறுகிறோம்.

ஆட்சியின் தொடக்கத்திலேயே இரு பெருந்துயர்கள் நேர்ந்தன. 1630 முதல் 1632 வரை குசராத்திலும் தக்காணத்திலும் கொடிய பஞ்சம் நிலவியது. அரசர் கஞ்சிச் சாலைகளைத் திறந்தார், வரியைக் குறைத்தார். எனினும், பல இலட்சம் மக்கள் மாண்டனர். 1631-இல் மும்தாஜ் மகால், புர்ஹான்பூரில் பதினான்காம் மகப்பேற்றின்போது உயிர்நீத்தார். அவரது நினைவாக 1632-இல் தொடங்கப்பெற்றதே உலகம் போற்றும் தாஜ்மகால்.

1639-இல் யமுனைக் கரையில் ஷாஜகானாபாத் என்னும் புதிய தலைநகருக்கு அடிகோலினார். இன்று பழைய தில்லி என வழங்குவது அந்நகரமே. செங்கோட்டை 1648-இல் நிறைவுற்றது. நகரமக்கள் அனைவரும் வெள்ளிக்கிழமைகளில் ஒன்றுகூடித் தொழ ஒரு பெரும் பள்ளிவாசல் வேண்டுமெனக் கருதி, 1650-இல் சிறு குன்றொன்றின்மீது பணியைத் தொடங்கினார். முதலமைச்சர் சாதுல்லா கான் மேற்பார்வையிட்டார். ஏறத்தாழ 5,000 தொழிலாளர்கள் ஆறு ஆண்டுகள் உழைத்தனர் என்றும், 10 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்றும் கூறுவர். 1656-இல் பணி நிறைவெய்தியது.

மாணவர்களே! அப்பள்ளிவாசலுக்குள் நாம் மனக்கண்ணால் சென்று வருவோம். தெருவிலிருந்து நோக்கினால் கட்டடம் வானில் மிதப்பதுபோல் தோன்றும். குன்றின்மேல் அமைந்திருப்பதே அதற்குக் காரணம். வடக்கே 39 படிகள், தெற்கே 33, கிழக்கே 35. மூன்று வாயில்களுள் கிழக்கு வாயிலே பெரியது. பேரரசர் வந்து சென்ற வழி அதுவே.

படியேறி உள்ளே நுழைந்தால், பக்கத்திற்கு ஏறத்தாழ 100 மீட்டர் அளவுள்ள சதுரமான திறந்த முற்றம் விரிகின்றது. சுமார் 25,000 பேர் இங்கே ஒருங்கே தொழலாம். நடுவில் ஒரு நீர்த்தடாகம் உள்ளது. தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவித் தூய்மை செய்துகொள்வதற்காக அமைந்தது அது. இந்தியாவிலிருந்து மக்கா மேற்குத் திசையில் இருப்பதால் தொழுகை மண்டபம் முற்றத்தின் மேற்குப் பக்கத்தில் அமைந்துள்ளது. மண்டபத்தின் முகப்பில் பதினொரு வளைவுகள் உள்ளன. நடுவளைவு மிக உயர்ந்தது. இருபுறமும் ஐந்தைந்து சிறியவை. வளைவுகளின்மேல் வெண்பளிங்கில் கருங்கல் பதித்த பாரசீக எழுத்துகள் கட்டடத்தின் வரலாற்றைக் கூறுகின்றன.

மேலே வெண்பளிங்குக் குவிமாடங்கள் மூன்று; அவற்றில் கருநிறக் கோடுகள். இருபுறமும் ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள மினாராக்கள் இரண்டு. செந்நிற மணற்கல்லும் வெண்பளிங்கும் அவற்றில் மாறிமாறிக் கோடுகளாக ஓடுகின்றன. உள்ளே 130 படிகள். மண்டபத்தின் தரையில் பதித்த பளிங்குப் பலகைகளுக்குக் கருநிறக் கரையிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு தொழுகை விரிப்பு விரித்ததுபோல் செய்துள்ளனர். செல்வனுக்கும் ஏழைக்கும் அங்கே ஒரே அளவு இடம்தான். இக்கட்டடத்தின் தலையாய அழகு இதுவே என்பது நமது கருத்து.

இத்தகைய பள்ளிவாசலில் தொழும் பேறு ஷாஜகானுக்கு நெடுநாள் கிட்டவில்லை. 1657-இல் அவர் கடும் நோயுற்றார். உடனே தாரா, ஷுஜா, ஔரங்கசீப், முராத் ஆகிய நான்கு மைந்தரிடையே அரியணைப் போர் மூண்டது. 1658-இல் வெற்றி பெற்ற ஔரங்கசீப், தந்தையிருந்த ஆக்ராக் கோட்டையை முற்றுகையிட்டு, யமுனை நீர் உள்ளே செல்லாதவாறு தடுத்தார். தடாகங்களும் நீரோடைகளும் அமைத்த பேரரசர், கோடை வெயிலில் உவர்ப்பான கிணற்று நீரைப் பருக நேர்ந்தது. சில நாட்களில் பணிந்தார். பின்னர் எட்டாண்டுகள் அக்கோட்டையிலேயே சிறையிருந்தார். மகள் ஜஹானாரா உடனிருந்து பணிவிடை புரிந்தார். 1666-இல், தம் 74-ஆம் வயதில் ஷாஜகான் மறைந்தார். தாஜ்மகாலில் மனைவியின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

அதே ஔரங்கசீப், தந்தை பிறந்த லாகூரில் 1673-இல் ஒரு பெரும் பள்ளிவாசலைக் கட்டி முடித்தார். செந்நிறக் கல்லும், மூன்று வெண்பளிங்குக் குவிமாடங்களுமாக, தில்லிப் பள்ளிவாசலின் சாயலையே அதிலும் காணலாம். தந்தையிடமிருந்து கட்டடக் கலையைக் கற்ற மகன், தந்தையை எதிர்க்கும் வழியையும் தந்தையிடமிருந்தே கற்றார் போலும்! பெற்றோர்களே, பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் செயலையே கூர்ந்து நோக்குகின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

தில்லிப் பள்ளிவாசலும் சோதனையைக் கடந்தே வந்தது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி, 1862-இல்தான் முஸ்லிம் மக்களிடம் திருப்பி அளித்தனர். முகலாயர் ஆட்சியும் மறைந்தது. ஆங்கிலேயர் ஆட்சியும் மறைந்தது. பள்ளிவாசலில் இன்றும் ஐவேளைத் தொழுகை நடைபெறுகின்றது.

கட்டுவித்தவர் பெயரை உலகம் அறியும். கல் சுமந்தோரும், உளி பிடித்தோரும், சாந்து குழைத்தோருமான ஆயிரக்கணக்கானோர் பெயரை நாம் அறியோம். காட்டைத் திருத்திப் பால்மரம் நட்ட நம் முன்னோரின் பெயர்களும் அவ்வாறே பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. ஆயினும், அவர்கள் செம்மையாகச் செய்த வேலை நிலைத்து நிற்கின்றது. மாணவர்களே, நீங்களும் உங்கள் கையிலுள்ள வேலையை, அது ஒரு பக்க எழுத்துப் பயிற்சியாயினும், திருந்தச் செய்யுங்கள். பெயர் நிலைக்குமோ நிலைக்காதோ, நற்பணி நிலைக்கும்.