திருகோணமலையில் பிறந்த வைத்தியரும் பெரியம்மாவின் குளிசைகளும்

பெரியம்மாவின் அலுமாரியில் இரண்டு குளிசைப் பைகள் இருந்தன. ஒன்றில் மார்பகப் புற்றுநோய்க்கான தமொக்சிபென். மற்றதில், 2009 இல் மகனை இழந்த பின்னர் மனச்சோர்வுக்கு எடுத்துவரும் புளுஒக்செற்றின். முதலாவது பையைப் புற்றுநோய்க் கிளினிக்குக்குக் கொண்டுபோவார். இரண்டாவதைப் பற்றி வெட்கத்தில் அங்கு வாய்திறக்கவே இல்லை.

இந்தக் குளிசைகளைப் பற்றித் தேடி வாசித்தபோதுதான் ஜோர்ஜ் தோமஸ் பீற்சன் என்ற பெயர் கண்ணில்பட்டது. புற்றுநோய்க்கான ஓமோன் சிகிச்சையின் முன்னோடி அவர். பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஒருவரின் மகனாக 1848 இல் அவர் பிறந்தது எங்கள் திருகோணமலையில்.

கேம்பிரிட்ஜிலும் எடின்பரோவிலும் படித்த பீற்சன், புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் லிஸ்டரிடம் பணியாற்றினார். தனது எம்.டி. ஆய்வுக்குப் பால் சுரப்பை எடுத்துக்கொண்டார். சூலகங்களை அகற்றிய பசு நீண்டகாலம் பால் தரும் என்பதைச் சில நாடுகளின் விவசாயிகள் அறிந்திருந்தார்கள். உடலில் எங்கோ இருக்கும் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பை ஆள்கிறது என்ற எண்ணம் அவருக்குள் ஊன்றியது.

1895 இல் கிளாஸ்கோவில், முற்றிய மார்பகப் புற்றுநோயுடன் வந்த 33 வயதுப் பெண்ணின் சூலகங்களை அகற்றினார். சில மாதங்களில் கட்டிகள் மறைந்தன. அவர் மேலும் சுமார் 4 ஆண்டுகள் வாழ்ந்தார். 1896 இல் பீற்சன் இதனை லான்செட் சஞ்சிகையில் எழுதினார். ஓமோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. பின்னர் இதே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே பயன் கிடைத்தது. முதலாம் உலகப் போரின்போது ஸ்கொட்லாந்துச் செஞ்சிலுவைப் பணிகளை முன்னின்று நடத்திய பீற்சன் 1933 இல் காலமானார். கிளாஸ்கோவின் புற்றுநோய் மையம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஓர் உறுப்பைத் தொட்டால் இன்னோர் உறுப்பு மாறும் என்ற அவரது பாடத்துக்கு மறுபக்கமும் உண்டு. தமொக்சிபென் இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தைக் கூட்டும். நடமாட முடியாமல் படுத்திருப்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். ஈஸ்திரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் வேறு குளிசைகள் எலும்பைப் பலவீனமாக்கும். புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஓமோன் ஊசி சீனி வருத்தத்தைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கலாம்; இதய நோய் உள்ளவர்களுக்கும் கூடுதல் கவனிப்பு வேண்டும். தமொக்சிபென் முழுமையாக வேலைசெய்ய ஈரலிலுள்ள ஒரு நொதியம் தேவை. புளுஒக்செற்றின், பரொக்செற்றின் போன்ற மருந்துகள் அதே நொதியத்தைத் தடுக்கின்றன.

போரின் துயரத்துக்கான குளிசையும் புற்றுநோய்க்கான குளிசையும் பெரியம்மாவின் ஈரலில் சந்தித்துக்கொண்டிருந்தன. அவரிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். அடுத்த கிளினிக்குக்கு இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு நாங்கள் சேர்ந்தே போனோம். வைத்தியர் திட்டவில்லை. மனநல வைத்தியருடன் பேசி, தமொக்சிபெனுக்கு இடைஞ்சல் தராத வேறொரு குளிசைக்குப் படிப்படியாக மாற்றினார்கள்.

எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் வீட்டிலுள்ள எல்லாப் பைகளையும் வைத்தியரின் மேசையில் வையுங்கள். மனதுக்கு மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே அது தேவைப்படாத வீடுகள் குறைவு.