சாம் குக்: விடுதிக் கதவு மூடியபோது பிறந்த பாட்டு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசைக்கு 1964 நல்ல விளைச்சல் கண்ட ஆண்டு. டெட்ராய்ட் நகரத்தின் சுப்ரீம்ஸ் குழுப் பெண்கள் அடுத்தடுத்து முதலிடம் பிடித்தார்கள். மார்த்தா அண்ட் தி வாண்டெல்லாஸ் குழுவின் 'டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்' தெருவெங்கும் ஒலித்தது. சிகாகோவின் இம்ப்ரெஷன்ஸ் குழு பாடிய 'கீப் ஆன் புஷிங்' உரிமைப் போராட்டக்காரர்களின் பாட்டாயிற்று. அந்த ஆண்டின் பாடல்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், சாம் குக் எழுதிப் பாடிய 'எ சேஞ்ச் இஸ் கானா கம்' பாடலைத்தான் நாம் எடுப்போம். மாற்றம் வரத்தான் போகிறது என்பது அந்தத் தலைப்பின் பொருள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

சாம் குக் 1931 ஜனவரி 22 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் ஊரில் பிறந்தார். சுற்றிலும் பருத்திக் காடு. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனித் தண்ணீர்க் குழாய், பேருந்தில் பின் இருக்கை என்றிருந்த மண் அது. அந்த வாழ்வு எப்படியிருக்கும் என்று இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. தந்தை ஒரு கிறிஸ்தவப் போதகர். சாம் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. பிழைப்பும் மரியாதையும் தேடி லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் தெற்கிலிருந்து வடக்கே போன காலம்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளோடு தேவாலயங்களில் பாடிப் பழகிய சாம், இருபது வயதையொட்டி 'சோல் ஸ்டிரர்ஸ்' என்ற புகழ்பெற்ற பக்திப் பாடல் குழுவில் முன்னணிப் பாடகரானார். ஊர் ஊராகக் கார்களில் போய்ப் பாடினார்கள். அவர் குரல் எழும்பினால் தேவாலயத்தில் கூட்டம் எழுந்து நின்றது. தேவாலயத்தில் அழுத அந்தக் குரலை அப்படியே எடுத்துவந்து காதலையும் வாழ்க்கையையும் பாட வைத்தபோது பிறந்ததுதான் சோல் இசை. அதை உருவாக்கியவர்களில் ரே சார்ல்ஸும் சாம் குக்கும் முதல் வரிசைக்காரர்கள்.

பக்திப் பாடகர் உலகப் பாட்டுப் பாடுவது அன்று பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது. அதனால் முதல் காதல் பாட்டை வேறு பெயரில் வெளியிட்டார். குரலைக் கேட்டவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு மறைக்கவில்லை. 1957-ல் சொந்தப் பெயரில் வந்த 'யூ செண்ட் மீ' கறுப்பினத்தவர் பட்டியலிலும் நாட்டின் பொதுப் பட்டியலிலும் முதலிடத்துக்குப் போனது. தொடர்ந்து பல பாடல்கள் வெற்றி பெற்றன. சாலையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வேலை செய்யும் கைதிகளைப் பற்றி 1960-ல் அவர் பாடிய 'செயின் கேங்' இரண்டாம் இடம் வரை போனது.

பாடுவதோடு அவர் நிற்கவில்லை. கறுப்பினப் பாடகர்கள் பாடிக் கொடுப்பார்கள், கம்பெனிகள் சம்பாதிக்கும் என்பதே அன்றைய வழக்கம். சாம் குக் கணக்குப் பார்த்தார். நண்பர் ஜே.டபிள்யூ. அலெக்சாண்டரோடு சேர்ந்து பாடல் உரிமை நிறுவனமும், 'சார்' என்ற இசைத்தட்டு நிறுவனமும் நடத்தினார். பாபி வோமாக், ஜானி டெய்லர் போன்ற இளைஞர்களை அங்கே வளர்த்தார். பாட்டு யாருடைய உழைப்போ, அதன் வருமானமும் அவருக்கே என்பது அவருடைய கொள்கை.

மேடையிலும் அப்படித்தான். 1961-ல் மெம்பிஸ் நகரில் கறுப்பினத்தவரைத் தனியே பிரித்து உட்காரவைத்த அரங்கில் பாட மறுத்துவிட்டார்.

ஆனாலும் பேரும் பணமும் தோலின் நிறத்தை மறக்கடிக்கவில்லை. 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரு விடுதிக்கு மனைவியோடும் குழுவினரோடும் போனார். முன்பதிவு செய்திருந்தும் அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாடறிந்த பாடகர் வாசலிலேயே நின்று வாதாடினார். பிறகு ஊரில் கறுப்பினத்தவருக்கான விடுதிக்குப் போனபோது, அமைதியைக் குலைத்ததாகச் சொல்லிப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம்தான் அவருடைய ஒன்றரை வயது மகன் வீட்டு நீச்சல் குளத்தில் விழுந்து இறந்திருந்தான். ஒரு வெள்ளைக்கார இளைஞரான பாப் டிலன் 'ப்ளோயிங் இன் தி விண்ட்' எழுதிவிட்டார், நம் மக்களின் வலியை நாம் எழுதவில்லையே என்ற உறுத்தலும் அவருக்கு இருந்தது.

இவையெல்லாம் சேர்ந்து பாட்டாயின. 1964 ஜனவரி 30 அன்று, ரெனே ஹால் இசையமைப்பில் பாடல் பதிவானது. மார்ச்சில் வந்த 'எய்ன்ட் தட் குட் நியூஸ்' தொகுப்பில் இடம்பெற்றது. பிப்ரவரி 7 அன்று தொலைக்காட்சியில் அதைப் பாடினார். இரண்டே நாளில் பீட்டில்ஸ் குழு தொலைக்காட்சியில் தோன்ற, நாடே அவர்களைப் பற்றிப் பேசியது. ஜூலையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. விடுதிகளும் உணவகங்களும் நிறம் பார்த்து ஆளைத் திருப்பியனுப்புவது சட்டப்படி குற்றமானது.

அந்தச் சட்டத்தின் பலனை அவர் அதிக நாள் காணவில்லை. 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகர விடுதி ஒன்றில் சுடப்பட்டு இறந்தார். வயது 33. சுட்டது தற்காப்புக்காக என்று விசாரணை முடிந்தது. குடும்பத்தாரும் நண்பர்களும் அதை ஏற்கவில்லை. அவர் இறந்து சில நாள்களில் இந்தப் பாடல் தனி இசைத்தட்டாக வெளிவந்தது. பொது இடத்திலிருந்து விரட்டப்படுவதைச் சொல்லும் சரணத்தை வானொலிக்காக வெட்டிவிட்டே அதை வெளியிட்டார்கள்.

வெட்டியும் பாட்டு சாகவில்லை. உரிமைப் போராட்டத்தில் இருந்தவர்கள் அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். 1965-ல் ஓட்டிஸ் ரெடிங்கும் 1967-ல் அரீத்தா பிராங்க்ளினும் அதைத் தங்கள் குரலில் பாடினார்கள். 2019-ல் ஷ்ரீவ்போர்ட் நகர மேயர் 1963-ல் நடந்ததற்காகக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கு 56 ஆண்டுகள் ஆயின. அவர் கட்டிக்காத்த பாடல் உரிமைகளோ, அவருடைய மேலாளராக இருந்தவரின் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

வெட்டப்பட்ட சரணம் 1964 மார்ச் மாதத் தொகுப்பில் முழுதாக இருக்கிறது. மாணவர்கள் அந்த முழுப் பதிவைத் தேடிக் கேட்க வேண்டும். ஆங்கிலம் முழுதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட ஒரு மனிதனின் குரல் எந்த மொழியிலும் நமக்குப் புரியும்.