லூசி வில்ஸ் அம்மையார்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் மரக்காணம் என்னும் பழைய ஊர் உளது. அவ்வூரை அடுத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. பாத்திகளிற் பாய்ச்சிய உவர்நீர் கதிரவன் வெப்பத்தால் வற்ற, வெண்ணிற உப்பு விளைகின்றது. கடும்வெயிலையும் பொருட்படுத்தாது அவ்வுப்பைத் தலைச்சுமையாகக் கரைசேர்க்கும் மகளிர் பலர். உணவிற்கு வேண்டும் உப்பின் அளவு சிறிது. எனினும் அஃது இன்றேல் உணவு சுவைப்பதில்லை.

உடலுக்கும் இவ்வாறே மிகச் சிறிய அளவில் இன்றியமையாது வேண்டப்படும் பொருள்கள் சில உள. கருவுற்ற மகளிர்க்கு அரசு மருத்துவ நிலையங்களில் செந்நிற மாத்திரை ஒன்று நாள்தோறும் உண்ணுமாறு வழங்கப்பெறுகின்றது. அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும், அரை மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அவ்வரை மில்லிகிராம் ஒரு கல்லுப்பின் எடையினும் மிகக் குறைந்தது. ஆயினும் தாயின் குருதி வளமும் வயிற்றிலுள்ள சேயின் நலமும் அதனைச் சார்ந்துள்ளன. அத்தகைய பொருளொன்று உணவில் உண்டு என்பதை உலகிற்கு உணர்த்தியவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார். அவ்வுண்மை அவருக்குப் புலப்பட்டது நம் நாட்டிலேயே என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

அம்மையார் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தை அடுத்த சட்டன் கோல்டுஃபீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நியூனம் மகளிர் கல்லூரியில் நிலைத்திணை நூலும் நிலநூலும் பயின்று, 1911ஆம் ஆண்டில் தேர்வு முடித்தார். மகளிர் தேர்வில் வென்றாலும், ஆடவர்க்கு நிகரான பட்டத்தை அவர்க்கு வழங்கும் வழக்கம் அந்நாளில் அப்பல்கலைக்கழகத்தில் இல்லை. அவ்வுரிமை 1948ஆம் ஆண்டிலேதான் மகளிர்க்குக் கிட்டியது.

1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டபொழுது அம்மையார் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். ஆங்குக் கேப்டவுன் நகரில் நோயாளர்க்குச் செவிலித் தொண்டு புரிந்தார். பின்னர்த் தாயகம் திரும்பி, இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியிற் சேர்ந்து, 1920ஆம் ஆண்டில் தம் முப்பத்திரண்டாம் வயதில் மருத்துவரானார். மருத்துவத் தொழில் நடத்திப் பொருளீட்ட அவர் விழையவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தையே தமக்குரிய இடமாகக் கொண்டார்.

அக்காலத்தில் பம்பாய் நகரத்து ஏழை மகளிர் பலர் கருவுற்ற காலத்துக் கடுஞ்சோகை எய்தி மாண்டனர். உடல் வெளுக்கும்; மூச்சு வாங்கும்; நடக்கவும் வலிமை இராது. தாய் இறப்பின் வயிற்றிலுள்ள குழவியும் அவளோடு மாளும். மகப்பேற்றில் தாய்மார் இறப்பதன் காரணங்களை ஆராயும் பணியில் ஈடுபட்டிருந்த மார்கரெட் பால்ஃபர் என்னும் மருத்துவ அம்மையார், இந்நோயை ஆராயுமாறு வில்ஸ் அம்மையாரை அழைத்தார். அவ்வழைப்பை ஏற்று 1928ஆம் ஆண்டில் அவர் பம்பாய் வந்து, ஹாஃப்கின் ஆராய்ச்சி நிலையத்திற் பணி தொடங்கினார்.

நோயைத் தீர்ப்பதற்கு முன் நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும் அன்றோ? அம்மையார் நோயுற்ற மகளிரின் குருதியை நுண்பெருக்கியால் நோக்கினார். இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையிற் செவ்வணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இம்மகளிரின் செவ்வணுக்களோ எண்ணிக்கையிற் குறைந்து, உருவிற் பருத்திருந்தன. ஆகவே இது வேறொரு நோய் என்றும், இரும்புச் சத்து மட்டும் இதனைத் தீர்க்காது என்றும் அவர் உணர்ந்தார். பின்னர் அம்மகளிர் நாள்தோறும் உண்பது யாது என வினவி ஆராய்ந்தார். உணவு மிகக் குறைபாடுடைய வகுப்பாரிடையே நோய் மிகுந்திருந்தது. நல்லுணவு உண்பாரிடையே அது குறைந்திருந்தது. நோயின் வேர் உணவின் குறையில் இருத்தல் கூடும் என்னும் எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது.

இதனைச் சோதித்து அறிதற்பொருட்டு, 1929ஆம் ஆண்டில் அம்மையார் நீலமலையிலுள்ள குன்னூருக்கு வந்தார். ஆங்குள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில், உணவு ஆராய்ச்சியிற் புகழ்பெற்ற இராபர்ட் மக்காரிசன் பணிபுரிந்து வந்தார். பம்பாய் ஏழை மகளிர் உண்ட உணவையே அம்மையார் எலிகளுக்கு ஊட்டினார். அவை சோகையுற்றன, கருவுற்ற எலிகள் ஈனுமுன்னரே இறந்தன. உணவோடு ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்ப் பொருளைச் சேர்த்தபொழுது சோகை தடைப்பட்டது. ஆயினும் அவ்வெலிகளைப் பேன் பற்றியிருந்தமையும், அதனாலும் சோகை வந்திருத்தல் கூடும் என்பதும் பின்னர்த் தெரியவந்தன. அம்மையார் மனந்தளர்ந்திலர், பிழையை மறைக்கவும் முயன்றிலர். குரங்குகளைக் கொண்டு மீண்டும் சோதித்தார். முன்பு கண்டது உண்மையே எனத் தேறினார்.

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள கோஷா மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். அதுவே இந்நாளிற் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் பெற்றுள்ளது. ஈஸ்டிலிருந்து வடித்த மார்மைட் என்னும் சத்துப்பொருள் அந்நாளில் மலிவாகக் கிடைத்தது. பம்பாயில் நோயுற்ற தாய்மார்க்கு அதனைக் கொடுத்தபொழுது, வெளுத்திருந்த உடலிற் குருதி பெருகியது. இவ்வெற்றியை அவர் 1931ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார்.

மார்மைட்டில் இருந்து நோயைத் தீர்த்த பொருள் யாது? அதனை அன்று யாரும் கண்டிலர். ஆயினும் அஃது இருத்தல் உறுதி என அம்மையார் நிறுவினார். வேறொரு வகைக் கொடுஞ்சோகையைத் தீர்க்கும் தூய ஈரற்சாறு இந்நோயைத் தீர்க்கவில்லை. தூய்மை செய்யாத ஈரற்சாறோ தீர்த்தது. எனவே இப்பொருள் முன்னர் அறியப்படாத புதுப்பொருள் என்பது தெளிவாயிற்று. அறிஞர் அதனை வில்ஸ் காரணி என வழங்கினர். 1941ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பசலை வகைக் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் காரணி அதுவே என்பது பின்னர் விளங்கிற்று. 1945ஆம் ஆண்டில் அதனைச் செயற்கை முறையில் ஆக்கிய ஆராய்ச்சிக் குழுவிற்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

உடலின் அணுக்கள் பிரிந்து பெருகுதற்கு இச்சத்து வேண்டும். இது குறையின் எலும்பின் உட்சோற்றில் அணுக்கள் உரிய காலத்திற் பிரியாது பருத்துவிடும். செவ்வணுக்களின் தொகை அருகும். கருவுற்ற முதல் மாதத்திலேயே சேயின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படை அமைகின்றது. கருவுறுமுன்னரே இச்சத்தைப் பெறும் தாயரின் குழந்தைகளுக்கு அவ்வுறுப்புகளில் உண்டாகும் பிறவிக் குறைகள் பெரிதும் தடுக்கப்படும் என்பது 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. கீரையிலும் பயறுகளிலும் இச்சத்து நிரம்ப உண்டு. நெடுநேரம் கொதிக்க வைப்பின் அது கெடும்.

அம்மையார் இறுதிவரை எளிய வாழ்வே வாழ்ந்தார். இலண்டனில் மிதிவண்டியிலேயே மருத்துவமனைக்குச் சென்று வந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் கருவுற்ற மகளிரின் சோகையை ஆராய்வதை விட்டிலர். 1947ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற பின்னரும் ஜமைக்கா, ஃபிஜி முதலிய நாடுகளுக்குச் சென்று ஆராய்ச்சி நடத்தினார். 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 26ஆம் நாள் மறைந்தார்.

அவர் பெயரால் ஒரு பொருள் வழங்கியும், அப்பெயர் மறைந்து வேறு பெயர் நிலைத்தது. உப்பு உணவிற் கரைந்து கண்ணிற்குத் தோன்றாது போயினும் சுவையாய் நிற்றல்போல, அவர்தம் உழைப்பும் தாயர் பலரின் குருதியிற் கலந்து, அவர்தம் மக்களின் நல்வாழ்வாய் நிற்கின்றது. ஏழையரின் உணவுக் கலத்தை உற்றுநோக்கிய அவரது கண்ணே, பிறவா மழலையரையும் காத்த கண்ணாயிற்று.