அந்தோனி வூட்

அந்தோனி வூட் (டிசம்பர் 17, 1632 – நவம்பர் 1695) இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரைச் சேர்ந்த வரலாற்றாளர் ஆவார். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து அதன் வரலாற்றை எழுதியமைக்காக இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைச் சுருக்கம்

மெர்ட்டன் கல்லூரிக்கு எதிரே இருந்த வீட்டில் பிறந்த வூட், அக்கல்லூரியிலேயே பயின்று 1652இல் இளங்கலைப் பட்டமும் 1655இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். வில்லியம் டக்டேல் 1656இல் வெளியிட்ட வாரிக்சயர் மாவட்ட வரலாறு இவரை இத்துறைக்கு ஈர்த்தது.

ஆவணப் பணி

1660இல் பல்கலைக்கழக ஆவணக் காப்பாளரும் கணிதவியலாளருமான ஜான் வாலிசு, பல்கலைக்கழகப் பதிவேடுகளைப் பார்வையிட இவருக்கு அனுமதி அளித்தார். நகரத்தின் பழைமை பற்றியும் வூட் குறிப்புகள் சேர்த்தார். சுற்றுப்புறத் தேவாலயங்களின் கல்லறை வாசகங்களைப் படியெடுத்தார். அவ்வாசகங்களுள் சில பின்னர் அழிந்துபோனமையால் இவரது படிகளே அவற்றுக்குச் சான்றாக உள்ளன. இவர் எழுதிய பல்கலைக்கழக வரலாறு 1674இல் இலத்தீன் மொழியில் வெளியானது.

வழக்கும் வெளியேற்றமும்

ஆக்சுபோர்டில் பயின்ற எழுத்தாளர்கள், ஆயர்கள் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை 1691–92இல் வூட் வெளியிட்டார். மறைந்த முதலாம் கிளாரண்டன் பிரபு பதவிகளுக்குப் பணம் பெற்றார் என்ற குறிப்பு அதில் இடம்பெற்றதால் பிரபுவின் மகன் வழக்குத் தொடுத்தார். 1693இல் பல்கலைக்கழகம் வூட்டை வெளியேற்றியது. நூலின் அப்பக்கங்கள் எரிக்கப்பட்டன.

தொகுப்பு

தம்மை வெளியேற்றிய பல்கலைக்கழகத்திடமே வூட் தம் சேகரிப்பை ஒப்படைத்தார். நாட்குறிப்புகள், கையெழுத்துப்படிகள், தெருப்பாடல் தாள்கள், பஞ்சாங்கங்கள், துண்டறிக்கைகள் முதலியவை அதன் அசுமோலியன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. பின்னர் போட்லியன் நூலகத்துக்கு மாற்றப்பட்ட இத்தொகுப்பு, 17ஆம் நூற்றாண்டு ஆக்சுபோர்டு பற்றிய ஆய்வுகளுக்கு முதன்மை மூலமாக விளங்குகிறது.