கே. எஸ். கிருஷ்ணன்

கே. எஸ். கிருஷ்ணன் என்று அறியப்படும் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 1961) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். ராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சர் சி. வி. ராமனுடன் இணைந்து பணியாற்றியவர்.

இளமை

இராஜபாளையத்துக்கு வடக்கே, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தார். வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கல்வி கற்றார். பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார்.

ஆய்வுகள்

கொல்கத்தாவில் ராமனிடம் ஆய்வு மேற்கொண்டார். ஒளி மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது அதன் மிகச்சிறு பகுதியின் அலைநீளம் மாறுவதைப் பல நீர்மங்களில் சோதித்தார். இதனை அறிவித்து 1928 மார்ச்சில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில் இருவர் பெயரும் இடம்பெற்றன. எனினும் 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது.

கிருஷ்ணனின் புகழ் இவ்வொரு கண்டுபிடிப்போடு நின்றுவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் படிகங்களின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதைத் துல்லியமாக அளந்தார். அதன்வழி படிகத்தினுள் மூலக்கூறுகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அறிய முடிந்தது. 1940 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

பொறுப்புகள்

1947 இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1948 இல் ஓமி பாபா தலைமையில் அமைந்த அணுசக்தி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். 1954 இல் பத்ம பூஷண் விருது பெற்றார்.